குரலும் சாட்சியமும்: போர்க்கால வானொலி கற்பித்த பாடம்



ஒரு வீட்டில் மாலைவேளை. தூர தேசத்தில் இருக்கும் மகனின் குரல் கைத்தொலைபேசியில் பதிவாகி வந்து சேர்கிறது. தாய் அதை ஒரு தடவை கேட்கிறார், மறுபடியும் கேட்கிறார். "என்ர பிள்ளையின்ர குரல்தான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் அதே தொலைபேசிக்கு இன்னொரு குரல் வருகிறது. இன்ன இடத்தில் இன்னது நடந்துவிட்டதாம், உடனே எல்லாருக்கும் அறிவிக்க வேண்டுமாம். பேசியவர் யார், எப்போது பேசினார், ஏன் பேசினார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனாலும் "நானே என்ர காதால கேட்டனான்" என்று அயல்வீட்டுக்குச் சொல்லிவிடுகிறோம்.

எழுத்தைச் சந்தேகிக்கும் மனிதனும் குரலைக் கேட்டவுடன் இளகிவிடுகிறான். குரலில் ஓர் ஆள் இருக்கிறார் என்று நம் காது நம்புகிறது. அந்த நம்பிக்கை இயல்பானது. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்வோரும் உண்டு. இதனை உலகம் மிகத் தெளிவாகக் கண்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். ஒலியைப் பதிந்துவைக்கும் கலை அப்போதுதான் முதிர்ச்சியடைந்துகொண்டிருந்தது. அந்தக் கலை எப்படிப் பிறந்தது, போர் அதை எதற்கெல்லாம் பயன்படுத்தியது, அதிலிருந்து நம் குடும்பங்கள் எதைக் கற்கலாம் என்பவற்றை இந்த வாரம் ஆராய்வோம்.

ஒலி எழுத்தான கதை

நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு ஒரு மெல்லிய தகட்டில் மோதினால் தகடும் நடுங்கும். தகட்டுடன் ஓர் ஊசியை இணைத்து, ஊசியின் கீழே மென்மையான ஒரு பொருளை நகர்த்தினால், நடுக்கம் கோடாகப் பதியும். ஒலிப்பதிவின் அடிப்படை இவ்வளவுதான்.

இதனை முதலிற் செய்தவர் பிரான்ஸ் தேசத்து அச்சகத் தொழிலாளியான ஸ்கொட் டி மார்ட்டின்வில். 1857ம் ஆண்டில், புகைக்கரி பூசிய காகிதத்தில் குரலின் அதிர்வை அவர் கோடாக வரைந்தார். ஆனால் வரைந்ததைத் திரும்பவும் ஒலிக்கச் செய்ய அவரால் முடியவில்லை. 1860ம் ஆண்டில் அவர் பதிந்த ஒரு பாட்டை, 2008ம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியின் உதவியுடன் ஒலிக்கச் செய்தார்கள். ஒரு சிறுமி பாடுவதுபோல் கேட்டது. உலகம் வியந்தது. பின்னர் ஆராய்ந்தபோதுதான், அதனை இரு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டார்கள் என்பது தெரியவந்தது. சரியான வேகத்தில் ஓட்டியபோது அது ஓர் ஆணின் குரல். பெரும்பாலும் மார்ட்டின்வில்லின் சொந்தக் குரலே. உலகின் மிகப் பழைய குரற்பதிவே முதலில் நம் காதை ஏமாற்றிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

பதிந்த குரலைத் திரும்பக் கேட்கும் வழியைக் கண்டவர் அமெரிக்கரான தோமஸ் எடிசன். 1877ம் ஆண்டின் இறுதியில், ஈயத்தாள் சுற்றிய ஓர் உருளையைக் கையாற் சுழற்றி, அதன்முன் ஒரு குழந்தைப் பாட்டைச் சொன்னார். ஊசியைத் தொடக்க இடத்தில் வைத்து மீண்டும் சுழற்றியபோது உருளை அதனைத் திருப்பிச் சொல்லியது. ஈயத்தாளுக்குப் பதிலாகப் பின்னர் மெழுகு உருளை வந்தது. 1887ம் ஆண்டில் எமில் பேர்லினர் உருளையை விட்டுத் தட்டையான வட்டத் தட்டைக் கொண்டுவந்தார். ஒரு தட்டிலிருந்து அச்சுச் செய்து ஆயிரக்கணக்கான பிரதிகளை வார்க்க முடிந்தது. நம் பெரியவர்கள் அறிந்த கிராமபோன் பெட்டியும் இசைத்தட்டும் அந்த வழியில் வந்தவையே.

ஆரம்பத்தில் ஒரு பெரிய கூம்புக்குள் வாயை வைத்து உரத்துப் பாடவேண்டியிருந்தது. 1925ம் ஆண்டளவில் ஒலிவாங்கியும் மின்சார ஒலிப்பதிவும் வந்தபின் மெல்லிய குரலும் பதியலாயிற்று. எனினும் ஒரு குறை நீங்கவில்லை. சாதாரண இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் பதிய முடியாது. ஊசி உரசும் கீறல் ஒலியும் எப்போதும் கூடவே வரும். இந்தக் குறையை மனதில் வைத்திருங்கள். நம் கதைக்கு அது தேவைப்படும்.

பதிந்த குரலுக்கு இடமில்லை

வானொலி பரவியபோது அமெரிக்காவின் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒரு விதியை வைத்திருந்தன. தங்கள் வலையமைப்பில் எல்லாம் நேரடி அஞ்சலாகவே இருக்கவேண்டும். இசைத்தட்டிற் பதிந்ததை ஒலிபரப்பக்கூடாது. நேயர் கேட்கும் குரல் அந்த நேரத்துக் குரலாகவே இருக்கும் என்பது வானொலி தன் நேயருக்குக் கொடுத்த ஒரு வாக்குறுதி போல் இருந்தது.

1937ம் ஆண்டு மே மாதம் 6ம் திகதி அந்த விதி அசைந்தது. ஜேர்மனியிலிருந்து வந்த 'ஹின்டன்பேர்க்' என்னும் மாபெரும் ஆகாயக் கப்பல், அமெரிக்காவின் லேக்ஹேர்ஸ்ட் என்னுமிடத்தில் இறங்கும்போது தீப்பற்றி எரிந்தது. 36 பேர் மாண்டனர். சிக்காகோ வானொலி நிலையமொன்றின் செய்தியாளர் ஹேர்பேர்ட் மொறிசன், கப்பல் இறங்குவதை வர்ணித்து இசைத்தட்டிற் பதிந்துகொண்டிருந்தார். தீ மூண்டதும் அவருடைய குரல் உடைந்தது. அழுதபடியே தொடர்ந்து பேசினார். மறுநாள் என்.பி.சி. நிறுவனம் தன் விதியை விலக்கிவைத்து அதன் பகுதிகளை நாடெங்கும் ஒலிபரப்பியது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அன்று பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே தட்டைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது மொறிசனின் குரல் உள்ளதைவிட உயர்ந்து, பதற்றம் கூடியதாகக் கேட்கிறது. அவருடைய இயற்கையான குரல் அதைவிடத் தாழ்ந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எவரும் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. ஆனாலும் நாம் கேட்பது இயந்திரம் கொடுத்த குரல்.

ஒரு வானொலி நிலையத்தில் மூண்ட பொய்

இரண்டாம் உலகப் போரின் வாசலிலேயே ஒரு வானொலி நிலையம் நிற்கிறது. 1939 ஓகஸ்ட் 31ம் திகதி இரவு, அப்போது ஜேர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாயிருந்த பகுதியில் கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தினுள் சிலர் புகுந்தனர். போலிஷ் மொழியில் ஒருவர் ஜேர்மனிக்கு எதிராகச் சிறிது நேரம் பேசினார். கேட்டவர்கள் போலந்துக்காரர் நிலையத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டும் என்பதே ஏற்பாடு. உண்மையில் வந்தவர்கள் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் ஆட்கள். அத்தாட்சியாகக் காட்டுவதற்காக பிரான்சிசெக் ஹொனியோக் என்னும் ஓர் அப்பாவி மனிதரைக் கொன்று அங்கே போட்டார்கள். மறுநாள் விடியற்காலை ஜேர்மன் படைகள் போலந்தினுள் புகுந்தன.

அன்று கேட்டது பதிந்த குரலல்ல. நேரடியாகப் பேசிய குரல். பேசியவர் யார் என்பதே பொய். ஆகவே, நேரடி அஞ்சல் என்றால் உண்மை, பதிவு என்றால் சந்தேகம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதை இங்கே காண்கிறோம்.

குரலின் வலிமையை நாசி அரசு நன்கு அறிந்திருந்தது. ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான வானொலிப் பெட்டிகளை 1933ம் ஆண்டு முதல் வீடுகளுக்குக் கொடுத்தது. போர் தொடங்கிய நாளிலேயே அந்நிய நாட்டு வானொலிகளைக் கேட்பதைக் குற்றமாக்கியது. கேட்ட செய்தியைப் பரப்பியவர்களுக்கு மரண தண்டனைவரை விதிக்க இடமிருந்தது. ஒரே குரலை மட்டும் கேட்கும்படி மக்களைக் கட்டிவைப்பதும் பொய்யின் ஒரு வழியே.

போர்க்களத்துக்குப் போன இசைத்தட்டு

மறுபக்கத்தில் பிரித்தானியாவின் பி.பி.சி., போரின் ஓசையையே மக்களின் வீடுகளுக்குக் கொண்டுவர முயன்றது. அதனிடம் 1930களின் தொடக்கத்திலிருந்து உருக்கு நாடாவிற் பதியும் இயந்திரம் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் பதிய ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமான உருக்கு நாடா வேண்டும்! அதைப் போர்க்களத்துக்குத் தூக்கிச் செல்வது எப்படி? ஆகவே இசைத்தட்டு வெட்டும் கருவிகளையே கொண்டுசென்றார்கள்.

1943 செப்டெம்பர் 3ம் திகதி இரவு, பேர்லின் நகர்மீது குண்டுபோடச் சென்ற லங்காஸ்டர் விமானம் ஒன்றில் செய்தியாளர் வின்பேர்ட் வோன் தோமஸ் அவர்களும் ஒலிப்பதிவாளர் றெஜ் பிட்ஸ்லி அவர்களும் ஏறினார்கள். ஆடும் விமானத்தினுள் ஊசி தட்டில் கோடு வெட்டிக்கொண்டிருந்தது. வழியில் எதிரி விமானம் தாக்கியது. விமானப் படையினர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் துப்பாக்கி ஓசையும் அப்படியே பதிந்தன. இருவரும் உயிருடன் திரும்பினார்கள். நேயர்கள் அதை வானொலியிற் கேட்டார்கள்.

1944ல் நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது பி.பி.சி. செய்தியாளர்களிடம் 'மிட்ஜெற்' என்னும் சிறிய பதிவுக் கருவி இருந்தது. சிறியது என்றாலும் நிறை ஏறக்குறைய 40 இறாத்தல். சாவி கொடுத்து ஓட்டவேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்கூடப் பதியாது. அதைச் சுமந்துகொண்டு அவர்கள் படையினருடன் நடந்தார்கள். அவர்கள் அனுப்பியவையும் இராணுவத் தணிக்கையைத் தாண்டித்தான் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். உண்மையைச் சொல்ல விரும்பியவர்களுக்கும் எல்லாவற்றையும் சொல்லும் சுதந்திரம் இருக்கவில்லை.

பதியாமற் போன குரல்களும் உண்டு. 1940 ஜூன் 18ம் திகதி, பிரான்ஸ் தேசம் வீழ்ந்துகொண்டிருந்த வேளையில், தளபதி டி கோல் இலண்டனிலிருந்து தம் நாட்டு மக்களுக்கு விடுத்த அழைப்பு வரலாற்றிற் புகழ்பெற்றது. ஆனால் அன்றைய உரையை எவரும் பதிந்துவைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் குரற்பதிவு நான்கு நாட்களுக்குப்பின் அவர் நிகழ்த்திய உரையினுடையது. அதைக் கேட்டுவிட்டு 18ம் திகதியின் உரையையே கேட்டுவிட்டதாக எண்ணுவோர் பலர்.

நள்ளிரவில் வாசித்த இசைக்குழு

இனி ஒரு சுவையான சம்பவம். அமெரிக்க இராணுவத்தின் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த ஜாக் மலின் என்னும் பொறியியலாளர் 1944ம் ஆண்டில் இங்கிலாந்தில் பணியாற்றினார். இரவு நெடுநேரம் வேலைசெய்யும்போது வானொலியிற் பாட்டுக் கேட்பது அவர் வழக்கம். இங்கிலாந்து நிலையங்கள் ஓய்ந்தபின் ஜேர்மன் நிலையங்களைத் திருப்புவார். அங்கே நள்ளிரவுக்குப் பின்னும் பெரிய இசைக்குழு ஒன்று வாசித்துக்கொண்டிருக்கும். ஊசியின் கீறல் ஒலி இல்லை. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டு மாற்றும் அடையாளமும் இல்லை. ஆகவே அது நேரடி அஞ்சல்தான் என்றே எவரும் நினைப்பர். அந்த அகால நேரத்தில் முழு இசைக்குழுவையும் இருத்தி வாசிக்கவைக்க ஹிட்லரால் முடியும் என்றே மலினும் எண்ணினார்.

போர் முடிந்தபின் 1945ல் பிராங்பேர்ட் நகருக்கு அருகிலுள்ள பாட் நௌஹைம் என்னுமிடத்தில் அதற்கான விடையைக் கண்டார். இசைக்குழு அங்கே இல்லை. 'மக்னெற்றோபோன்' என்னும் நாடா ஒலிப்பதிவு இயந்திரம் இருந்தது.

அந்த நாடாவின் பிறப்பும் விந்தையானது. பிரிட்ஸ் பிளொய்மர் என்பவர் சிகரெட் காகிதத்தில் உலோக வண்ணக் கோடு பூசும் முறையை ஆராய்ந்தவர். அதே அறிவைக் கொண்டு, காகித நாடாவில் இரும்புத்தூள் பூசிக் காந்தத்தால் ஒலியைப் பதியலாம் என்று 1928ல் காட்டினார். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னோட்டம் ஒலிக்கேற்பக் கூடிக் குறையும். அது ஒரு மின்காந்தத்தின் வலிமையையும் கூட்டிக் குறைக்கும். அதன்முன் ஓடும் நாடாவில் அந்த வேறுபாடு காந்தத் தடமாகப் பதியும். 1935ல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அந்த இயந்திரம் காட்டப்பட்டது. அப்போது அதில் இரைச்சல் அதிகம். 1940ல் வெபர், பிரௌன்மியூல் என்னும் இரு பொறியியலாளர்கள் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட மின்னோட்டத்தைப் பதிவுடன் கலந்து அந்த இரைச்சலைப் பெரும்பாலும் நீக்கினார்கள். அதன்பின் நாடாவுக்கும் நேரடிக் குரலுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது அரிதாயிற்று.

மலின் இரண்டு இயந்திரங்களையும் 50 நாடாச் சுருள்களையும் அமெரிக்காவுக்கு அனுப்பி, 1946 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பொறியியலாளர் கூட்டமொன்றில் இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டில் பிரபல பாடகர் பிங் கிறொஸ்பி தம் வானொலி நிகழ்ச்சியை நாடாவிற் பதியத் தொடங்கினார். இசைத்தட்டைப்போலன்றி நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டலாம், ஒட்டலாம். பிழையான பாட்டை நீக்கி நல்ல பாட்டைச் சேர்க்கலாம். ஒரு நிகழ்ச்சியில் சபையோர் சிரித்த சிரிப்பை வெட்டியெடுத்து, சிரிப்பே எழாத வேறொரு நிகழ்ச்சியில் ஒட்டியும் இருக்கிறார்கள்! இன்று தொலைக்காட்சி நகைச்சுவை நாடகங்களில் யாரோ சிரிப்பதைக் கேட்டு நாமும் சிரிக்கிறோமே, அதன் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

ஒரே கம்பி, இரு பணிகள்

காந்தத்தாற் பதியும் முறை நாடாவுக்கும் முந்தியது. டென்மார்க் தேசத்து வால்டெமார் பூல்சன் 1898லேயே உருக்குக் கம்பியில் குரலைப் பதிந்தார். போர்க்காலத்தில் சிக்காகோ நகரில் அந்த முறை திருத்தம் பெற்று, தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியில் நீண்ட நேரம் பதியும் கருவியாயிற்று. அதன் இருவகைப் பயன்பாட்டைப் பாருங்கள்.

முதலாவது பயன்பாடு ஏமாற்றுவதற்கு. 1944ல் பிரான்ஸ் சென்ற அமெரிக்கப் படைகளுள் ஏறக்குறைய 1,100 பேர் கொண்ட ஓர் இரகசியப் பிரிவு இருந்தது. போரிடுவது அவர்களின் பிரதான வேலையல்ல. பெரும் படை நிற்பதுபோல் நடிப்பதே வேலை. காற்றடைத்த இறப்பர் டாங்கிகளை வைத்தார்கள். உண்மையான டாங்கிகள் ஓடும் ஓசையையும் பாலம் கட்டும் ஓசையையும் முன்கூட்டியே பதிந்து, கம்பிச் சுருளிலிருந்து பெரிய ஒலிபெருக்கிகள் மூலம் இரவில் ஒலிக்கவிட்டார்கள். 15 மைல் தூரம்வரை அது கேட்கும். 1945 மார்ச்சில் றைன் நதியைக் கடக்கும் வேளையில், படை கடக்காத இடத்தில் இவர்கள் ஓசை எழுப்பி எதிரியின் கவனத்தைத் திருப்பினார்கள். இதனால் உயிர்கள் காக்கப்பட்டன என்று கூறி 2024ல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஆயினும் காதை ஏமாற்றும் வித்தை அன்று முழுமை பெற்றது என்பதை மறக்கமுடியாது.

இரண்டாவது பயன்பாடு சாட்சியத்துக்கு. 1946ம் ஆண்டில் சிக்காகோவிலிருந்து டேவிட் போடர் என்னும் உளவியற் பேராசிரியர் ஒரு கம்பிப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குச் சென்றார். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து தப்பி, வீடும் நாடும் இழந்து அகதி முகாம்களில் இருந்தவர்களைத் தேடினார். ஏறக்குறைய 130 பேரை அவரவர் தாய்மொழியிலேயே பேசவைத்து, 200 வரையான கம்பிச் சுருள்களிற் பதிந்தார். பெரும்பாலானோர் யூதர், வேறு மக்களும் இருந்தனர். இடையில் அவர்கள் விம்முவதும், சொல்ல முடியாமல் மௌனமாவதும்கூட அந்தக் கம்பியில் இருக்கின்றன. எழுத்தில் மௌனத்தை எப்படி வைப்பது?

1949ல் அப்பேட்டிகளிற் சிலவற்றை அவர் நூலாக வெளியிட்டார். இறந்தவர்களைத் தாம் பேட்டி காணவில்லை என்பதே அந்நூலின் தலைப்பின் பொருள். தாம் கேட்டவை தப்பியவர்களின் கதைகள் மட்டுமே; மிகக் கொடியதை அனுபவித்தவர்கள் பேசுவதற்கு உயிரோடு இல்லை என்பதை அவர் நேர்மையாகத் தலைப்பிலேயே எழுதிவைத்தார். தம் சாட்சியத்தின் எல்லையைத் தாமே சொல்பவரை நாம் நம்பலாம்.

இதற்கு முந்திய ஆண்டிலும் இத்தகைய ஒரு சோதனை எழுந்தது. 1945 ஏப்ரல் 15ம் திகதி பிரித்தானியப் படைகள் பேர்கன்-பெல்சன் முகாமை விடுவித்தன. அங்கே ஏறக்குறைய 60,000 பேர் குற்றுயிராயிருந்தனர். ஆயிரக்கணக்கான சடலங்கள் புதைக்கப்படாமற் கிடந்தன. பி.பி.சி. செய்தியாளர் றிச்சட் டிம்பிள்பி தாம் கண்டதை இசைத்தட்டிற் பதிந்து அனுப்பினார். தலைமையகம் உடனே ஒலிபரப்பத் தயங்கியது. செய்தியை உறுதிப்படுத்த விரும்பியது. அவர் தம் வேலையையே விட்டுவிடுவதாகச் சொல்லி நின்றபின், 19ம் திகதி அது ஒலிபரப்பாயிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை அதே முகாமில், தப்பிப்பிழைத்த யூதர்கள் திறந்த வெளியிற் கூடி வழிபட்டுப் பாடியதும் பதிவு செய்யப்பட்டது. அந்தப் பாட்டு இன்றும் இருக்கிறது.

பொய்ச் செய்திகளுக்குப் பழகிப்போன உலகம், உண்மை வந்து நிற்கும்போது அதை நம்பத் தயங்குகிறது. பொய் செய்யும் கேடுகளுள் இதுவே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஒருவரை ஒரு தடவை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. பின்னால் வரும் மெய்யான சாட்சியின் வாயையும் அடைத்துவிடுகிறது.

பெயர்களை வாசித்த வானொலி

போர்க்கால வானொலியின் வேறொரு முகத்தையும் நம் குடும்பங்கள் அறியவேண்டும். வத்திக்கான் வானொலியை மார்க்கோனி அவர்களே அமைத்துக்கொடுக்க, 1931 பெப்ரவரி 12ம் திகதி பாப்பரசர் 11ம் பத்திநாதர் ஆரம்பித்துவைத்தார். யேசு சபைக் குருக்கள் அதனை நடத்தினார்கள். போர் மூண்டபின், பாப்பரசர் 12ம் பத்திநாதரின் காலத்தில், காணாமற் போனவர்களையும் போர்க் கைதிகளையும் தேடும் பணியில் அது இறங்கியது. 1940 முதல் 1946 வரை 12 இலட்சத்துக்கு மேற்பட்ட செய்திகளை, 12,000 மணித்தியாலங்களுக்கு மேலாக வாசித்தது.

அந்தச் செய்திகள் எப்படிப்பட்டவை? பெரிய உரைகளல்ல. இன்னாரின் மகன் இன்னார் இந்த முகாமில் உயிருடன் இருக்கிறார். இன்னாரின் வீட்டார் அவரைத் தேடுகிறார்கள். இப்படிப் பெயர், ஊர், ஒரு வரி. அதை வாசித்த அறிவிப்பாளருக்கு அவர்கள் எவரையும் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு தாய் தன் பிள்ளையின் பெயர் வருமா என்று இரவிரவாகப் பெட்டியின் அருகே காத்திருந்தாள். வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு பெயர் சரியாக வாசிக்கப்படுவதன் அருமை தெரியும். காணாமற் போன ஒருவரின் பெயருக்காகக் காத்திருப்பது என்னவென்பதும் நம்மிற் பல வீடுகளுக்குத் தெரியும். ஓர் எழுத்துப் பிழைத்தால் வேறொரு வீட்டில் பொய்யான மகிழ்ச்சியோ பொய்யான துக்கமோ உண்டாகிவிடும்.

நம் நாட்டு வானொலிக்கும் போருக்கும் உள்ள உறவையும் இங்கே நினைவுகூரலாம். 1920களில் கொழும்புத் தந்திக் கந்தோரில் எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் நடத்திய முதற் பரிசோதனை ஒலிபரப்பிற் கேட்டது கிராமபோன் இசை. அதற்கு உதவிய ஒலிபரப்பிக் கருவி, முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளாற் செய்யப்பட்டது என்பர். 1925 டிசெம்பர் 16ம் திகதி முறையான சேவை தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்த நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து 'றேடியோ சியாக்' ஒலித்தது. அதற்காக ஏகலையில் அமைந்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி 1949ல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. படையினருக்காக எழுந்த அந்த நிலையத்தின் வழியாகத்தான் பின்னாளில் இலங்கை வானொலியின் பாட்டும் தமிழும் கடல் கடந்து இந்தியாவெங்கும் சென்றன.

நமக்குரிய பாடம்

ஈயத்தாளும் மெழுகும் கம்பியும் நாடாவும் போய்விட்டன. இன்று ஒருவரின் பேச்சைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, அவர் ஒருபோதும் சொல்லாததை அவர் குரலிலேயே சொல்லவைக்கக் கணினியால் முடிகிறது. மகனின் குரலில் பணம் கேட்டுத் தாயை ஏமாற்றும் மோசடிகள் பல நாடுகளில் நடக்கின்றன. கருவி புதிது, ஆனால் கேட்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் போர்க்காலத்துக்குரியவையே.

பேசுகிறவர் யார் என்று நமக்கு உண்மையில் தெரியுமா? கிளைவிட்ஸில் அதுதான் மறைக்கப்பட்டது. எப்போது பேசியது? மலின் கேட்ட இசைக்குழு அந்த நேரத்தில் வாசிக்கவில்லை. முழுவதும் இருக்கிறதா, வெட்டி ஒட்டியதா? கத்தரிக்கோல் பட்ட நாடாவில் வடு தெரிவதில்லை. வேறு சாட்சி உண்டா? டிம்பிள்பி அவர்களின் தலைமையகம் இதனைக் கேட்டதிற் தவறில்லை. ஆனால் விசாரிப்பதற்கும் காதைப் பொத்திக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. விசாரித்து உண்மை என்று கண்டபின் அதைச் சொல்லாமல் விடுவதும் பொய்க்குத் துணைபோவதே.

பொய்ச்சாட்சி கூடாது என்னும் எட்டாம் கட்டளையைச் சிறுவயதில் மனனம் செய்திருக்கிறோம். வழக்கு மன்றில் ஏறுபவருக்குத்தான் அது என்று நினைத்துவிடவேண்டாம். யாரென்று தெரியாத ஒரு குரலை உறுதிப்படுத்தாமல் அடுத்தவருக்கு அனுப்பும்போது நாமும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறோம். "நான் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது போதிய விடையாகாது.

மறுபக்கமாக, பதிந்துவைக்கவேண்டிய குரல்களும் நம் வீடுகளில் இருக்கின்றன. பேராசிரியர் போடர் பாரமான கருவியைக் கடல் கடந்து சுமந்து சென்றார். நம் கையிலுள்ள கருவி சட்டைப் பைக்குள் அடங்குகிறது. வீட்டிலுள்ள அம்மம்மாவோ அப்பப்பாவோ கண்டதையும் இழந்ததையும் அவர்களின் சொந்தக் குரலிற் பதிந்துவைத்த பிள்ளைகள் எத்தனை பேர்? பதியும்போது திகதியையும் இடத்தையும் பேசுபவரின் பெயரையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். வெட்டாமல் வைத்திருங்கள். நாளை அதைக் கேட்கும் பேரப்பிள்ளை அந்தக் குரலை நம்புவதற்கு அதுவே ஆதாரம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. கடந்த வாரத்தில் நமக்கு வந்த குரற்செய்திகளுள் எதை விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பினோம்?

2. அவசரமாகப் பணம் கேட்டோ பயமுறுத்தியோ நம்மவர் ஒருவரின் குரல் வந்தால், அதைச் சரிபார்க்க நம் வீட்டில் என்ன ஏற்பாடு உண்டு?

3. உண்மை என்று தெரிந்தும், நம்பமாட்டார்கள் என்ற பயத்தால் நாம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?

4. நம் குடும்பத்தில் இந்த மாதத்துக்குள் யாருடைய குரலைப் பதிந்துவைக்கவேண்டும்? அதை யார் செய்வது?